நீதிமன்றச் சுவரில் பாதி

ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிற்றூரின் நீதிமன்றத்தில் பெரும்பாலும் முகார்சா என்னும் பங்கு ஒப்பந்த வழக்குகள்தாம். நிலம் ஒருவருடையது, அதில் ஒலிவக் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து வளர்ப்பவர் வேறொருவர், மரம் காய்த்ததும் தோப்பில் ஆளுக்குப் பாதி. இவ்வளவு எளிய சட்டத்தை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே நீதிபதி திஜானிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. காத்திருப்போர் கூடத்துச் சுவரில் அதைப் படமாகவே வரைந்துவிடச் சொன்னார்.

வந்தவன் லம்ஜத், படகுகளில் மீன் வரைந்து பிழைப்பவன். ஓவியருக்கென்று தனிப் படிவம் அங்கே ஏது? எழுத்தர் முகார்சாப் படிவத்தையே எடுத்து, நிலத்தை அடித்துவிட்டுச் சுவர் என்றும், கன்றை அடித்துவிட்டுப் படம் என்றும் எழுதினார். நீதிபதியும் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தார்.

நான்கு மாதம் சாரமே கதியென்று கிடந்தான் லம்ஜத். நடுவில் காய்த்துக் குலுங்கும் ஒலிவ மரம். இடப்பக்கம் குதிரையோடு நிலக்காரர். வலப்பக்கம் மண்வெட்டியோடு நட்டவன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தின் கீழே தன் பெயரை எழுதினான். அன்று அவனுக்கிருந்த பெருமை சொல்லி மாளாது.

மூன்றே வாரத்தில் நிலக்காரர்கள் திரண்டு வந்தார்கள். படத்தில் அவர்களைவிடக் குதிரையின் முகத்தில் அறிவுக்களை கூடுதலாம். வெள்ளையடித்துவிடுகிறேன் என்று நீதிபதி வாக்குக் கொடுத்துவிட்டார். சேதி கேட்ட லம்ஜத் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நீதிபதியிடம் ஓடினான்.

"யார் மேலடா வழக்கு?" என்றார் திஜானி.

"கோர்ட்டு மேலதான் ஐயா. படம் காய்ச்சிருச்சு. பாதிச் சுவரு எனக்கு."

"அதை யாரு விசாரிக்கிறது?"

"இந்த ஊர்ல உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"

திஜானிக்குத் தன் நேர்மையில் அப்படியொரு கர்வம். கீழே இறங்கி நின்று நீதிமன்றத்துக்காக வாதாடினார். மேலே ஏறி உட்கார்ந்து அந்த வாதத்தை நம்ப மறுத்தார். மரம் காய்த்ததா என்று பார்க்க விவசாய அதிகாரி ஏணியோடு வந்தார். நல்ல காய்ப்பு, பூச்சி இல்லை என்று அறிக்கை கொடுத்தார். பாதிச் சுவர் லம்ஜத்துக்குத் தீர்ப்பானது.

மரத்தின் நட்டநடுவே சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்து, எந்தப் பாதி வேண்டும் என்று கேட்டார்கள். குதிரைக்கு மட்டும் மூன்று வாரம் உழைத்திருந்தான். ஆனால் நட்டவனின் கைகளைத் தன் கைகளைப் பார்த்தல்லவா வரைந்திருந்தான்! வலப்பக்கம் என்றான். அன்று மாலையே குதிரை வெள்ளையில் மறைந்தது. லம்ஜத் வெட்கமில்லாமல் அழுதான்.

திங்கட்கிழமை வழக்குக்கு வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். நட்டவன் இருக்கிறான், மிஞ்சிய மரம் அவன் பக்கம் இருக்கிறது, நிலக்காரரைக் காணோம். சட்டம் மாறிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. நட்டவர்கள் முழுத் தோப்பையும் கேட்டார்கள்; சாட்சி எங்கே என்றால் சுவரைக் காட்டினார்கள். நிலக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள், இந்த முறை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. நீதிபதி லம்ஜத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"நிலக்காரரைத் திரும்ப வரைஞ்சிரு லம்ஜத். மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

"அது உங்க பங்கு ஐயா. அடுத்தவங்க பங்குல நான் கை வைக்க மாட்டேன். தீர்ப்பு அப்படி."

தீர்ப்பு தன்னுடையதாயிற்றே! கடைசியில் திஜானி சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமே தூரிகையை எடுத்தார். இரண்டு நாள் பாடுபட்டதில் இரண்டு குச்சிக் கால்களும், விரித்த கைகளும், ஒரு தொப்பியும் தேறின. நிலக்காரர்கள் பிரமாதம் என்றார்கள், வேறென்ன சொல்வார்கள்?

மறுநாள் தன் பாதியைப் பார்க்க வந்த லம்ஜத்தின் தோளை, பெஞ்சில் காத்திருந்த ஒருவர் தட்டி, இடப்பக்கம் நிற்பது யார் என்று கேட்டார்.

லம்ஜத் தன் குதிரை நின்ற இடத்தையே சற்று நேரம் பார்த்தான்.

"காவக்காரன்," என்றான்.

அந்த வாரமே நட்டவர்களிடமிருந்து முப்பது மனுக்கள் வந்தன. நிலக்காரர்கள் யாரும் காவலுக்கு ஒழுங்காக வருவதில்லையாம்.