பன்னிரண்டு ஸ்குரூ

1984ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆம்புரோசின் வீடு மூடிக்கொண்டு, இரண்டு வருடம் அவரையும் மனைவி இருதயமேரியையும் வெளியே விடவில்லை. தப்பு ஆம்புரோசுடையதுதான். வீடு வீடாகக் கம்பிக் கிரில் மாட்டுவது அவர் தொழில். பேட்டரி டிரில் ஒன்று வைத்திருந்தார், பெண்டாட்டியைக்கூடத் தொடவிடமாட்டார். பக்கத்து வீட்டில் திருடன் புகுந்த வாரம், சொந்த வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கிரில் போட்டுவிட்டு இருந்த ஒரே வாசலுக்கு வந்தார். பெரிய வெள்ளியில் மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது என்பது ஞானஸ்நானம் வாங்கிய எல்லோருக்கும் தெரியும். இருதயமேரி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆணிதான் கூடாது லா, இது ஸ்குரூ," என்றார் மனுஷன். உள்ளே நின்றபடி பன்னிரண்டாவது ஸ்குரூவை முடுக்கினார். டிரில் முனகி ஓய்ந்தது. எவ்வளவு சார்ஜ் போட்டும் அந்தப் பேட்டரிக்கு உயிர் வரவில்லை.

ஸ்குரூடிரைவர் வழுக்கியது, ரம்பம் மழுங்கியது, கூரையில் தகரத்தைப் பிரித்த இடத்தில் இன்னொரு தகரம் இருந்தது. கம்பி வழியாகச் சோறும் மீனும் வந்தன. இருதயமேரியின் தம்பி லியோனார்ட் மோட்டாரில் ஈப்போ போய் விலை விசாரித்து வந்தான். "பேட்டரி மட்டும் தொண்ணூத்தி ரெண்டு வெள்ளி, மச்சான். புது டிரில், மலிவுதான், சார்ஜரோட எண்பத்தஞ்சு. எவனாவது பேட்டரி வாங்குவானா?" ஆம்புரோஸ் யோசித்துத் தலையாட்டினார். புது டிரிலை எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்குரூ உள்ளேதான் போனது. அதோடு வீடும் ஒரு சாண் சுருங்கியது. டிரில் ஒரே மழைக்காலத்தில் செத்தது. இன்னொன்று வாங்கினார்கள், இன்னொரு சாண். மூன்றாவதற்குப் பிறகு கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாயில் படுத்தார்கள். தோசை திருப்பினால் முழங்கை சுவரில் இடித்தது. இருதயமேரிக்கு மூச்சு முட்டியது. கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டே பகலைக் கழித்தாள்.

தாப்பாவில் டீச்சராக இருந்த மகள் அகதாவுக்கு, 1986இல், ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை கல்யாணம் என்று முடிவானது. அன்றுதான் இருதயமேரி வாய் திறந்தாள். "ஏழு வெள்ளி மிச்சம் பிடிச்ச அழகு போதும். டேய் லியோனார்ட், அந்த பேட்டரிய வாங்கிட்டு வா. எம் மக கல்யாணத்த நான் பாக்கணும்."

கடைக்காரர் வெளியூரிலிருந்து வரவழைத்த பேட்டரி பெரிய வியாழன் மாலை வந்தது. விடிய விடியச் சார்ஜ் ஏறியது. காலையில் முதல் டிரிலில் மாட்டிப் பார்த்தார்கள், பழைய குரலிலேயே பாடியது. ஆம்புரோஸ் அதை மேசையில் வைத்துவிட்டார். "இன்னிக்கு வேணாம் மேரி. பட்டது போதும். பெரிய வெள்ளியில ஸ்குரூவத் தொடமாட்டேன்."

"இன்னிக்குத்தானே ஆண்டவரச் சிலுவையிலேர்ந்து இறக்குனாங்க?" என்றாள் இருதயமேரி. "ஆணியக் கழட்டாமலா இறக்குனாங்க?"

டிரிலை அவளே எடுத்தாள். பன்னிரண்டு ஸ்குரூவும் முனகாமல் வந்தன. கிரிலைக் கொய்யா மரத்தில் சாய்த்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் மூன்று மணி வழிபாட்டுக்கு நடந்தாள். ஆம்புரோஸ் ஞாயிறு காலை வரை பொறுத்திருந்து வெளியே வந்தார்.

வீடு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. கல்யாண விருந்தாளிகள் ஒவ்வொருவராக உள்ளே போய் மணமக்களை வாழ்த்திவிட்டு வந்தார்கள். வாசலுக்குக் கிரிலும் இல்லை, கதவும் இல்லை. மாட்ட இருதயமேரி விடவில்லை. திருடன் வந்தால் வரட்டும், அவனும் பக்கவாட்டில்தான் நுழையணும் என்றாள்.