ஜோசப்பினின் வீட்டுக் கல்

திரும்பி வராதவர்களின் வீட்டிலிருந்து அந்தக் கடற்கரை ஊரில் எவரும் ஒரு கல்லையும் எடுப்பதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததுமில்லை. சொன்னால், அவர்கள் இனி வரப்போவதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னதாகிவிடும்.

யூலியானாவின் வேலிக்கு அப்பால் நின்றது அவளுடைய அக்கா ஜோசப்பினின் வீடு. கூரை போய், நீலச் சுவர்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. போரின் கடைசிச் சண்டையில் ஜோசப்பினும் புருஷனும் மகன் றொசானும் காணாமற்போனார்கள். அன்றிலிருந்து ஆட்கள் நடந்துபோகும் ஒழுங்கைகூட அந்த வீட்டு வளவை விட்டு விலகி வளைந்தே போயிற்று.

இப்போது யூலியானாவுக்கு வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு. வவுனியாவிலிருந்து வந்த இளம் பொறியியலாளர் சாரங்கா அத்திவாரத்துக்கு வெட்டிய கிடங்கின் ஓரத்தில் நின்று விளக்கினாள்.

"சுடாத மண்கல்லுச் சுவர், அன்ரி. சூளையுமில்லை, விறகுமில்லை. உச்சி வெயிலிலயும் உள்ளுக்குக் குளிர்ச்சியா இருக்கும். அத்திவாரத்துக்கு இடிஞ்ச கட்டடங்களின்ர கல்லுத்தான். மலையை உடைச்சு லொறியில ஏத்தி வந்தா, பிறகென்ன பசுமை வீடு? இனி வாற காலத்தில எல்லாரும் இப்பிடித்தான் கட்டவேணும்."

"மலையே இல்லாத ஊரில இருந்துகொண்டு மலையைக் காப்பாத்துறம்," என்றான் மேசன் றொனால்ட். "சங்கக் கடை இடிபாடு அரைக் கிடங்குக்குத்தான் காணும், பிள்ளை. மிச்சத்துக்கு?"

"அதுதான் பக்கத்திலேயே கிடக்குதே," என்று சாரங்கா நீலச் சுவரைக் காட்டினாள்.

றொனால்ட் கையில் பிடித்திருந்த சாந்து பூசும் அகப்பையையே நிலத்தில் தேடினான்.

மாரிமழைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. அதற்குள் அத்திவாரம் மூடப்படாவிட்டால் வீடு அடுத்த வருடத்துக்குப் போய்விடும். தகரக் கொட்டிலுக்குள் யூலியானாவின் புருஷன் ஸ்ரீபன் ஒவ்வொரு மூச்சையும் இழுத்திழுத்து எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு மாரியின் ஈரத்தை அந்த நெஞ்சு தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாட் காலை, கிடங்கின் அடியில் நீலப் பூச்சோடு ஒரு கல் இருந்தது. எறியப்பட்ட கல் அல்ல; தேர்ந்த மேசனொருவன் வைத்ததுபோல் நூல் பிடித்து இருந்தது. றொனால்ட் மாலையில் நீர் தெளித்துச் சமன்செய்த மணலில் ஒரு காலடியும் இல்லை. அந்தக் கல்லைத் தொடாமல், அதைச் சுற்றி வேலை நடந்தது.

அடுத்த நாள் இரண்டு கற்கள். அதற்கடுத்த நாள் நான்கு.

நான்கில் ஒன்றில் ஒரு பென்சில் கோடு இருந்தது. உயரம் பார்க்க றொசானின் தலைமேல் அடிமட்டத்தை வைத்து, "அசையாதையடா," என்று அதட்டி, யூலியானாவே கீறிய கோடு.

"நீயோ?" என்றாள் றொனால்டிடம்.

"மாதாவாணை இல்லை, அக்கா. நான் அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கிறேல்லை."

வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தாள். அவளுடைய வளவை நோக்கிய சுவரில் மட்டும் ஏழு குழிகள். ஒன்றும் உடைக்கப்பட்டிருக்கவில்லை, பால்பற்கள் விழுந்த இடம்போல விளிம்புகள் வழுவழுப்பாக இருந்தன. அவற்றினூடாக வந்த காற்றில் குசினிப் புகை மணத்தது. அந்த வீட்டில் அடுப்பெரிந்து பதினாறு வருடங்கள்.

பின்னால், கொட்டிலுக்குள் ஸ்ரீபனின் இழுப்பு. கடற்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

யூலியானா றொனால்டின் கையிலிருந்து கல் நெம்பும் அலவாங்கை வாங்கினாள். வேலை செய்தவர்களும் ஒழுங்கையில் மீன் வாங்க நின்றவர்களும் பார்த்திருக்க, வேலியைப் பிரித்துக்கொண்டு நேரே அக்காவின் வீட்டு வாசலால் உள்ளே போனாள். அலவாங்கு தேவைப்படவில்லை. கை வைத்ததுமே எட்டாவது கல் கழன்று அவளுடைய கையில் வந்தது. உள்ளங்கைக்கு அது இளஞ்சூடாக இருந்தது.

கல்லோடு வெளியே வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அக்கா வரமாட்டா. அத்தானும் வரமாட்டார். என்ர றொசானும் வரமாட்டான். ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? மழை வரப்போகுது, வந்து ஆளுக்கொரு கல்லுத் தூக்குங்கோ."