பாசி பிடிக்காத ஓடை

கோதையாற்றுக்கு மேலே, மரங்கள் நின்றுபோய்ப் புல் மட்டும் படர்ந்த மலையில் ஓர் ஓடை இறங்குகிறது. நிழலே கிடையாது. வெயில் நேராகத் தண்ணீருக்குள் போய் அடிக்கல்லைத் தொடும். கல்லில் பாசி பிடிக்கும். பாசியைப் பூச்சி தின்னும், பூச்சியை மீன் தின்னும். பகலில் பாசி விடுகிற ஆக்சிஜனை, தண்ணீருக்குள் கட்டிப்போட்ட மீட்டர் பதிந்துவைக்கும். அதை வைத்து அந்த ஓடை எவ்வளவு உயிரை விளைவிக்கிறது என்று பார்ப்பதுதான் ஜினியின் ஆராய்ச்சி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுயம்புராஜும் அவளோடு வேலை பார்த்தான். அந்த வருஷம் மழை நிதானமாகப் பெய்தது. கல்லெல்லாம் பச்சை. வழுக்கி விழுந்தவனைத் தூக்கப்போய் அவளும் விழுந்தாள். நனைந்த துணியோடு சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான், "என்னக் கெட்டிக்கிடுவியா?" என்று கேட்டான். அவன் வீடு அய்யாவழி, அவள் வீடு சர்ச். இரண்டு பக்கமும் ஒருவழியாக இறங்கி வந்தபோது அவனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. அடுத்த கோடைக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போனான். வரவில்லை.

இந்த வருஷம் மழையின் போக்கே வேறு. நாள்கணக்கில் ஒரு சொட்டு இருக்காது, ஓடை நூலாகிவிடும். பிறகு ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்க்கும். பாசி லேசாகத் துளிர்க்கும் நேரம் பார்த்து வெள்ளம் வந்து கல்லைச் சுரண்டிவிட்டுப் போகும்.

நாகர்கோவிலுக்கு இறங்கி வந்த அன்று சுயம்புராஜுக்கு மீட்டரின் கிராஃபை அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்.

"ஏட்டி, மீட்டர் கேடா? கோடு படுத்துக் கெடக்கே."

"மீட்டருக்கு ஒண்ணும் இல்ல. பாசிதான் இல்ல. மீனுக்குத் தீனி இல்ல பாத்துக்க."

அவன் பேச்சை மாற்றினான்: "இந்தக் கோடைக்கும் என்னால வர முடியாது ஜினி. வேலைய நீட்டிட்டாவ. நீ இஞ்ச வந்துரு. இஞ்சயும் புல்வெளி ஆறு உண்டு. லேப்ல பேசிட்டேன். அடுத்த மாசமே வரலாம்."

வருகிறேன் என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது.

"மழ விட்டாத்தான் பாசி திரும்புதான்னு தெரியும். அதப் பாக்காம எப்பிடி வர?"

"வேற யாராவது பாக்கட்டுமே."

"எனக்குப் பாக்கணும்."

"என்னப் பாக்க வேண்டாமா?"

போனை வைத்துவிட்டு, வடசேரி பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவே நின்று அழுதாள். அடுத்த மாசம் அவள் போகவில்லை.

மழை விட்டு வெயில் நிலைத்தபின் மலை ஏறினாள். ஒரு கல்லை எடுத்துத் தடவினாள். கண்ணுக்குப் பச்சை தெரியவில்லை. விரலுக்கு மட்டும் ஒரு வழவழப்பு. மீட்டரின் கோடு பகலில் சற்றே எழும்பியிருந்தது. அவன் இருந்த வருஷத்தின் பாதிகூட இல்லை. ஆனாலும் எழும்பியிருந்தது. "பாத்தியா!" என்று சொல்லித் திரும்பினாள். புல் காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது.

கீழே பேச்சிப்பாறைக்கு வந்ததும் அந்தக் கோட்டின் படத்தை அனுப்பினாள். "கொள்ளாம்" என்று ஒரே சொல்லில் பாராட்டி அவன் பதில் போட்டான். இன்னும் ஏதோ எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தான். வேறொன்றும் வரவில்லை.

அவளும் எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் பஸ் புறப்படும்போது, "இஞ்ச நல்ல வெயில். எனக்கு ஒன்னத் தேடுது" என்று மட்டும் அனுப்பினாள்.