வயிற்றுச் சூடு

“எனக்கு ரத்தம் குடுத்த பாப்பாவுக்கு, ரத்தம் பத்தாமப் போயிடாதாப்பா?” என்று பெட்டிக்காரருடைய மகள் ஏழு வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டே ஒருநாள் கேட்டாள். குழந்தை பிறந்து தொப்புள்கொடியை அறுத்த பிறகு அதில் தங்கிப்போகும் ரத்தம்தான் அது, அந்தப் பாப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் அவருக்கு அப்படித்தான் விளக்கியிருந்தார். ஆனால் அவர் போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டார். யாரோ ஒரு தாய், யாருக்காவது உதவட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பெயர் கேட்டார். சொல்லக் கூடாது என்பது சட்டம் என்றார்கள். மகள் பிழைத்து எழுந்த வருடமே பழைய வேலையை விட்டுவிட்டு, தொப்புள்கொடி ரத்தத்தைப் பிரசவ வார்டுகளிலிருந்து சேமிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் சேர்ந்துகொண்டார். வார்டுகளில் எல்லோருக்கும் அவர் பெட்டிக்காரர்தான்.

பதினொரு வருடம் ஆகியும் பிரசவ அறை வாசலில் அவருக்கு உட்காரத் தெரியவில்லை. அன்றும் நடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். உள்ளே வலியில் இருந்தவளின் புருஷன் மீன் பதனிடும் கூடத்தில் வேலை பார்ப்பவன். அவர்களுடைய மூத்த பையனுக்கு ரத்தம் ஊறாத நோய். இப்போது பிறக்கப்போகும் குழந்தையின் கொடி ரத்தம் பொருந்தினால் அவன் பிழைக்க வழியுண்டு, பொருந்தாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரமே நிலையத்திலிருந்து வெள்ளைப் பெட்டி அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தது. வலி எடுத்ததும் அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெட்டிக்காரர் மூடியைத் திறந்தார். ரத்தம் பிடிக்கும் பை மேலாக, உறை பிரியாமல் இருந்தது. அடியில் சுற்றிலும் செருகியிருந்த நான்கு ஜெல் பைகளைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். கருங்கல்லாக உறைந்திருந்தன.

“ராத்திரியே ஃப்ரீசர்ல போட்டுட்டேண்ணே,” என்றான் அவன், கொஞ்சம் பெருமையாக. “பதினஞ்சு வருசமா ஐஸ் அடுக்கற கை இது. நான் பேக் பண்ணி ஒரு மீன் கெட்டதில்ல.”

அவர் பைகளை மறுபடி பார்த்தார். மீன் செத்த பொருள். இந்த ரத்தம் உயிரோடு இருக்க வேண்டியது. பனியில் பட்டால் அதிலுள்ள அணுக்கள் செத்துவிடும். வெயில் ஏறினாலும் போச்சு. இரண்டுக்கும் நடுவே அறைச் சூட்டில் வைத்துக் காப்பதற்குத்தான் அந்தப் பைகள். மாற்றுப் பைகள் நிலையத்தில் இருந்தன, ஆறு மணி நேரப் பயணத்துக்கு அப்பால். பைகளே இல்லாமல் கிளம்பினால் இந்த வெயிலில் பெட்டி அடுப்பாகிவிடும். பெட்டியோடு வந்த தாளில் எல்லாம் எழுதியிருந்தது. ஆனால் கைப்பழக்கத்துக்குத் தாள் எதற்கு?

சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார். நாளைக்கு அந்த ரத்தம் எந்தக் காரணத்தால் உதவாமல் போனாலும், இவன் ஆயுசுக்கும் தன் கையைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். ஐஸ் அடுக்கித்தான் இவன் சாப்பிட்டாக வேண்டும்.

“அருமையா மூடிக் கொண்டாந்திருக்கீங்க தம்பி. இனி நான் பாத்துக்கறேன். நீங்க கதவுகிட்ட நில்லுங்க, அவங்க குரல் குடுத்தா காதுல விழணும்.”

கதவு லேசாகத் திறந்து பெரிய நர்ஸ் தலையை நீட்டினாள். “பெட்டியண்ணே, பையக் குடுங்க. இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். நடந்து நடந்து என் தரையத் தேச்சுடாதீங்க.”

ரத்தப் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, பெட்டியோடு மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு ஏறினார். அங்கே இருந்த குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. பைகளைக் காட்டியதில் மேல்பூச்சு கரைந்ததே தவிர உள்கல் அசையவில்லை. பெட்டியிலிருந்த தெர்மாமீட்டரைப் பைகளுக்கு நடுவே வைத்தார், ஒரு டிகிரி காட்டியது. சட்டையைத் தூக்கி நான்கையும் வெற்று வயிற்றில் அடுக்கி, முழங்காலை மடக்கி அவற்றின் மேல் கவிழ்ந்துகொண்டார். குளிர் முதலில் கடித்தது, பிறகு நெருப்பாகச் சுட்டது. பல் தந்தியடித்தது. ஆண்டவனே, கொஞ்சம் தாமதமாகவே பிறக்கட்டும் என்று வேண்டினார். உடனே, அவள் வலியை நீட்டச் சொல்லி இதென்ன வேண்டுதல் என்று வெட்கப்பட்டு, இந்த வயிற்றுக்கு இன்னும் கொஞ்சம் சூடு கொடு என்று மாற்றிக் கேட்டார். பைகளைத் திருப்பிவைத்தார். மறுபடி திருப்பினார். கீழே குழந்தை வீறிட்டபோது மூன்று பைகள் விரலுக்கு அமுங்கின. தெர்மாமீட்டர் பதினெட்டு டிகிரியில் நின்றது, அது போதும். நான்காவதன் நடுவில் மட்டும் இன்னும் கல் இருந்தது.

மூன்றைப் பெட்டிக்குள் வைத்தார். நான்காவதைச் சட்டைக்குள்ளேயே விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

பொண்ணு, என்றான் அவன், கண்ணைத் துடைத்தபடி. நர்ஸ் கொண்டுவந்த ரத்தப் பை குஞ்சுப் பறவையைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. அதை வைத்து மூடி ஒட்டும்போது அவன் குனிந்து கேட்டான்.

“ஜில்லுன்னு இருக்கில்லண்ணே?”

“இருக்க வேண்டிய அளவுல இருக்கு.”

பேருந்தில் வெயில் படாத பக்கம் இடமில்லை. அடுத்த இருக்கைக்காரர் ஏறியதுமே வாய் திறந்து தூங்கிப்போனார். பெட்டிக்காரர் நிமிடத்துக்கொரு முறை சட்டைக்குள் கைவிட்டு நான்காவது பையை அழுத்திப் பார்த்தார். நடுக்கல் நெல்லிக்காய் அளவாகி, பட்டாணி அளவாகி, ஒரு திருப்பத்தில் விரலுக்குத் தட்டாமல் போனது. பெட்டியைத் திறந்து, அதை வெற்றிடத்தில் செருகி மூடினார். பேருந்து ஒரு வளைவில் திரும்பியது. வெயில் நேராக மடிக்கு வந்தது. அவர் இருக்கையில் பக்கவாட்டாகத் திரும்பி, ஈரச் சட்டை ஒட்டிய முதுகை ஜன்னலுக்குக் கொடுத்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவருடைய நிழல் பெட்டியைவிட்டு நழுவியது. அவரும் அதற்கேற்ப நகர்ந்துகொண்டே இருந்தார்.