லுப்ளினில் பெயாத்தாவின் கடைசி ஆட்டம்

காரைக்காலில் பெயாத்தா ஷிம்சாக் என்ற பெயர் தெரிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போலந்திலேயே அவளைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது சந்தேகம்தான். டென்னிஸ் ஆடுகிற பெண். முப்பத்துநாலு வயது. உலக வரிசையில் அவள் தொட்ட உச்சம் நூற்று நாற்பத்தொன்று, அதுவும் ஒரே ஒரு வாரம். அந்த வாரம் நான் தெருவில் நான்கு பேருக்கு லட்டு கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அதன்பிறகு யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

நான் சோமசேகரன். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில் சொந்த வீடு. மனைவி மங்கையர்க்கரசி போய் ஐந்து வருடம் ஆகிறது. ஒரே மகள் பிரதீபா, போலந்தில் லுப்ளின் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். எனக்கும் டென்னிசுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வாழ்க்கையில் மட்டையைத் தொட்டதில்லை, கொசு அடிக்கிற மட்டையைத் தவிர.

பிரதீபா போன புதிதில் தினமும் போன் பேசினோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளுரா, குளுருதான். அதற்குமேல் பேச்சு நகராது. அவள் அம்மா இருந்தால் உப்பு புளியில் ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பாள். எனக்கு அந்த வித்தை வரவில்லை. இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். அப்புறம் “சரிப்பா” என்பாள். “சரிம்மா” என்பேன். 

ஒருநாள் அவளாகவே சொன்னாள். “ஜன்னலுக்கு நேரா டென்னிஸ் கோர்ட்டுப்பா. ஒரு பொண்ணு தெனம் தனியா வந்து சர்வ் போடுது. கூட யாரும் இல்ல. கூடையில பந்த எடுத்துட்டு வருது, அடிக்குது, அதுவே பொறுக்குது.”

“யாரும்மா அது?”

“பேரு பெயாத்தா. பெரிய பிளேயராம்ப்பா, முன்னாடி.”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் அவளைப் பற்றிக் கேட்க எனக்கு நாலு கேள்வி இருந்தது. எங்கள் பேச்சு இருபது நிமிடம் ஓடியது.

பிரதீபா சொன்னதும் நானாகத் தேடிப் படித்ததுமாகப் பெயாத்தாவின் கதை முழுக்க என் கைக்கு வந்தது. அப்பா பஸ் டிரைவர். பதினாறு வயதில் சிறுமியர் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கியிருக்கிறாள். அடுத்த ராணி இவள்தான் என்று பத்திரிகைகள் எழுதின. பத்திரிகைக்காரனுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விடுவான். பத்தொன்பதில் தோள்பட்டை போயிற்று. அறுவை சிகிச்சை. திரும்பி வந்தபோது கூட ஆடியவர்கள் எல்லாரும் டிவியில் இருந்தார்கள், இவள் துருக்கியிலும் எகிப்திலும் ருமேனியாவிலும் பெயர் தெரியாத சின்னப் போட்டிகளில் இருந்தாள். ஒருமுறை இந்தியாவுக்கும் வந்தாள். வயிற்றுப்போக்கு வந்து முதல் சுற்றிலேயே திரும்பிப் போனாள். அதற்காக நான் இந்த நாட்டின் சார்பில் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பாரிஸில் நடக்கிற பெரிய போட்டிக்குள் ஒரே ஒரு தடவை நுழைந்திருக்கிறாள். தகுதிச் சுற்று மூன்றையும் வென்று உள்ளே போனவளை முதல் ஆட்டத்திலேயே, குளித்து முடிக்கிற நேரத்துக்குள், வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கோச்சைக் கூட்டிக்கொண்டு அலைய அவளுக்கு வசதியில்லை. தனியாகப் பஸ் ஏறுவாள், தனியாக அறை எடுப்பாள், மட்டைக்கு நரம்பும் தானே கட்டிக்கொள்வாள். மற்ற பெண்கள் ஒரு பாயின்ட் போனால் கேலரியில் இருக்கிற அம்மாவையோ கோச்சையோ பார்த்து முறைப்பார்கள். இவளுக்கு முறைக்கவும் ஆள் கிடையாது. அந்தச் சின்னப் போட்டிகளை ஒற்றைக் கேமரா வைத்து இணையத்தில் காட்டுவார்கள். வர்ணனை இருக்காது, கைதட்டல் இருக்காது, பந்துச் சத்தம் மட்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் சாயங்காலங்களில் கேட்ட ஒரே சத்தமும் அதுதான்.

அதை டிவியில் வரவழைத்துக் கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிற காஜா நஜ்முதீன். “என்னண்ணே, ஒங்க பேயாத்தா இன்னிக்கு செயிச்சாங்களா?” என்பார். காரைக்கால் அம்மையார் பேயுரு எடுத்த ஊரில் இருந்துகொண்டு இதற்குக் கோபித்துக்கொண்டால் எப்படி என்று அவரே சமாதானமும் சொல்வார்.

இந்த வருடம் ஆனி மாதம் பெயாத்தா அறிவித்துவிட்டாள். சொந்த ஊரான லுப்ளினில் நடக்கும் போட்டியோடு சரி. எந்த ஆட்டத்தில் தோற்கிறாளோ அதுவே கடைசி.

எனக்குத் துக்கம்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று உள்ளே குடைந்தது. பிரதீபாவின் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வீடியோவில் வாம்மா என்றால் நெட் சரியில்லை என்பாள், இல்லாவிட்டால் ஆபீஸில் இருக்கிறேன் என்பாள். குரல் நன்றாகத்தான் இருக்கும். ஆபீஸ் தோழிகள், சனிக்கிழமை சமையல், ஏரிக்கரைக்குப் போனோம் என்று கதை கதையாகச் சொல்வாள். நம்பினேன். நம்பாமலும் இருந்தேன். பெற்றவனுக்குக் குரல் மட்டும் போதாது. இளைத்தாளா, தேறினாளா, ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் தூக்கம் வரும்.

“மொத ரவுண்டு சின்ன கோர்ட்டுப்பா, அங்க உக்கார எடமே இல்ல. ஜெயிச்சா அடுத்தது மெயின் கோர்ட்டு. அதுக்கு நாங்க ஒரு கும்பலே போறோம். லீவு சொல்லிட்டேன்” என்றாள்.

மெயின் கோர்ட்டின் கேமரா எனக்குத் தெரியும். எதிரே பெஞ்சுகள் வரிசையாகப் படத்துக்குள் விழும். ஆக, பெயாத்தா முதல் ஆட்டத்தை ஜெயித்தால் நான் என் மகளைப் பார்க்கலாம். தோற்றால் இல்லை.

கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பெயர் கேட்டார்.

“பெயாத்தா.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நட்சத்திரம்?”

“ஆயில்யம்.” பிறந்த தேதியை வைத்துக் காஜா போனில் போட்டுப் பார்த்தது. பிறந்த நேரம் தெரியாததால் உச்சிவேளை என்று நாங்களாக வைத்துக்கொண்டோம்.

“கோத்திரம்?”

“சிவகோத்திரம்னே வச்சுக்குங்க.”

“பொண்ணுக்குக் கல்யாண விஷயமா?”

“டென்னிஸுங்க.”

அவர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மந்திரத்துக்கு நடுவில் பெயாத்தா நாம்ன்யா என்று நன்றாக நிறுத்திச் சொன்னார். ஜெயித்தால் மாங்கனித் திருவிழாவில் சாமி ஊர்வலம் வரும்போது ஒரு கூடை மாம்பழம் வீசுகிறேன் என்று அம்மையாரிடம் வேண்டிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் பிள்ளை வரத்துக்கும் வேலைக்கும் வேண்டிக்கொள்வார்கள். போலந்துக்காரிக்காக வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாக இருக்கலாம்.

பெயாத்தா ஜெயித்தாள். மூன்றாவது செட்டில் காலை இழுத்துக்கொண்டே ஜெயித்தாள்.

இரண்டாவது ஆட்டம் மாங்கனியன்றே வந்தது. காலையில் பாரதியார் வீதியில் தெரிந்தவர் வீட்டு மாடியில் ஏறி நின்றேன். பிச்சாண்டவர் வந்ததும் கூடையிலிருந்ததை எல்லாம் கூட்டத்தில் வீசினேன். பக்கத்தில் நின்ற அம்மாள், “பேரப்புள்ளைக்கு வேண்டுதலா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். போலந்து வரைக்கும் விளக்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து சோறு வைத்துச் சாப்பிட்டேன். மாங்கனியன்று எங்கள் வீட்டில் உட்கார இடமிருக்காது, மங்கையர்க்கரசி இருந்தவரை. இப்போது தங்கை காசியம்மாவுக்கு முழங்கால் வலி. தம்பி பிள்ளைகளுக்குச் சென்னையில் வேலை. யாரையும் குறை சொல்லவில்லை. வந்தால் நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

நாலரை மணிக்கு டிவியைப் போட்டேன். செம்மண் மைதானம். எதிரே பெஞ்சுகள். நடுவில் ஏழெட்டுப் பேர் கும்பலாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதுதான் அவள் சொன்ன கும்பல் என்று டிவிக்குப் பக்கத்தில் போய் மூக்கு உரச நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். எல்லாம் வெளுத்த முடி. கருந்தலை ஒன்றுமில்லை. பெயாத்தா பாட்டுக்கு ஒரு செட் தோற்றாள். அதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனில் ஸ்கோர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பொறுக்க முடியாமல் பிரதீபாவுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தாள்.

“எங்கம்மா இருக்க?”

“கிரவுண்டுலதான்பா. எல்லாரும் வந்திருக்கோம். ஒரே சத்தம்.”

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பந்து விழுகிற டொக் டொக் மட்டும் கேட்டது. கும்பலைப் பார்த்தேன். அதில் ஒருவர் காதிலும் போன் இல்லை. கேமராவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“சாப்பிட்டியாம்மா?”

“பிரெண்டு எல்லாருக்கும் சேத்துக் கொண்டாந்தா. நீங்க?”

“இங்கதான் மாங்கனியாச்சே. வீடே நெறஞ்சு கெடக்கு. அத்தை வந்திருக்கு. சித்தப்பா வீட்டுலேருந்து எல்லாரும் வந்திருக்காங்க.”

“அத்தைய கேட்டேன்னு சொல்லுங்க.”

“சொல்றேன். நீ மேட்சப் பாரு.”

“சரிப்பா.”

“சரிம்மா.”

போனை வைத்தேன். தனியாக இருக்கிறேன் என்று சொன்னால் அவள் அங்கே சோறு இறங்காமல் கிடப்பாள். வெளியூர்ப் பிள்ளைகளிடம் இங்கே யாரும் உண்மையைச் சொல்வதில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் கல்லு மாதிரி இருக்கேன் என்போம். அது பொய் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அப்போதுதான் படத்தின் ஓரத்தில், கடைசி பெஞ்சில், ஒரு உருவம் அசைந்தது. தலையை மூடிய சாம்பல் நிறச் சட்டை. இவ்வளவு நேரம் ஏதோ பை கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். மடியில் ஒரு டிபன் டப்பா. அவள் அதை மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தாள். மூடியிருந்த துணி நழுவியது. கருந்தலை.

நான்தான் போனை வைத்துவிட்டேனே, இவள் யாரோடு பேசுகிறாள் என்று முதலில் குழம்பினேன். அப்புறம் ஸ்கோரைப் பார்த்தேன். போனில் இரண்டாவது செட்டில் நாலு கேம் முடிந்திருந்தது. டிவியில் மூன்றாவது கேமே முடியவில்லை. படம் அவ்வளவு பின்தங்கி வந்துகொண்டிருந்தது. அவள் என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

அவளைச் சுற்றி ஒருவருமில்லை. அந்த வரிசையிலேயே இல்லை. நான் கேட்டு முடித்த பேச்சை என் மகள் கண்ணெதிரே பேசினாள். எல்லாரும் வந்திருக்கோம் என்றபோது கையை விரித்து ஆட்டியே சொல்லியிருக்கிறாள், பாவி, யாருமில்லாத பெஞ்சைக் காட்டி. அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டாள். போனை வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குனிந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

அவள் பொய் சொன்னாள் என்று எனக்குக் கோபம் வரவில்லை. காலி வீட்டில் உட்கார்ந்துகொண்டு நிறைந்து கிடக்கு என்று சொன்னவன் நான். என் வளர்ப்பு அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சத்தமாகவே அழுதேன், கேட்க ஆளில்லையே.

அழுது ஓய்ந்து பார்த்தபோது போனில் ஆட்டம் முடிந்திருந்தது. பெயாத்தா தோற்றாள். டிவியில் அது அவளுக்கு இன்னும் தெரியாது, சர்வ் போடப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் மறுபடியும் பிரதீபாவைக் கூப்பிட்டேன்.

“சொல்லுங்கப்பா” என்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, “தோத்துட்டாங்கப்பா” என்றாள்.

“பாத்தேன். பிரதீபா, இங்க யாரும் வரலம்மா. நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.

“அத்தை வரல. சித்தப்பா வீட்டுலேருந்தும் யாரும் வரல. மூணு வருஷமாவே யாரும் வர்றதில்ல. நான் சும்மா சொன்னேன்.”

“ஏம்பா இப்ப சொல்றீங்க?”

“நீ ஓரத்துல தனியா உக்காந்திருக்க. டிவில தெரியுற.”

 

“இங்க எனக்கு யாருமே இல்லப்பா” என்றாள். சின்ன வயதில் விழுந்து அடிபட்டு வந்து நிற்பாளே, அந்தக் குரல். “வந்தப்பலேருந்தே யாரும் இல்ல. சொன்னா கஷ்டப்படுவீங்கன்னு...”

“கஷ்டந்தான்மா. படுறேன். நீ சொல்லு, நான் படுறேன். இனிமே அப்படியே பேசுவோம்.”

அவள் அழுதாள். அழவிட்டேன். அப்புறம், “கேமரா எங்கப்பா இருக்கு?” என்று கேட்டாள்.

“ஒனக்கு நேரே. கம்பத்து மேல.”

“கைய தூக்குறேன். தெரியுதா?”

டிவியில் அவள் இன்னும் குனிந்தேதான் இருந்தாள். பெயாத்தா கடைசி கேமில் ஒரு பாயின்ட் எடுத்திருந்தாள்.

“இன்னும் வரலம்மா. கைய எறக்கிடாத.”

“அய்யோ, பெயாத்தா அவங்களுக்குத்தான் கை காட்டுறேன்னு நெனச்சுட்டாங்கப்பா. மட்டைய தூக்கிக் காட்டுறாங்க. இங்க வந்து நிக்கிறாங்க.” அழுகையோடேயே சிரித்தாள். “இப்ப தெரியுதா?”

“வந்துரும்மா. அப்படியே தூக்கிக்கிட்டு இரு” என்று சொல்லி, நான் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.