எதிர்ப்பக்கம் சுற்றிய நூல்

மின்விசிறியைப் போட்டது அவரேதான். வேறு யாராவது போட்டிருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பார். தானே போட்டுவிட்டதால், விசிறியைக் கண்டுபிடித்தவனைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். மேஜைமேல் அளவுவாரியாகப் பரப்பியிருந்த சேவல் கழுத்து இறகுகள், முயல் ரோமம், இந்த சீசனுக்கென்று கட்டிச் சேர்த்திருந்த நாற்பது பொய் ஈக்கள் எல்லாம் ஒரே மூச்சில் அறை முழுக்கப் பறந்தன. கண்ணாடிக்காரர் கட்டிய ஈக்கள் நிஜமாகவே பறந்தது அன்று ஒருநாள்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் கண்ணாடிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டிரவுட் மீன் பிடிப்பவர். புழுவைக் கோத்துப் பிடிப்பதெல்லாம் அவருக்குக் கேவலம். பொடித் தூண்டில் முள்ளில் நூலைச் சுற்றி, ரோமத்தால் உடம்பும் இறகால் காலும் வைத்துக் கட்டிய ஈயை ஓடைமேல் மிதக்கவிட்டு, அதைப் பூச்சி என்று மீனை நம்பவைக்க வேண்டும். ஏமாற்று வேலைதான். ஆனால் கௌரவமான ஏமாற்று வேலை.

கால்களில் முள் ஏறிவிடக் கூடாதே என்று தவழ்ந்து தவழ்ந்து ஈக்களைப் பொறுக்கினார். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாக வைத்துப் பிரித்தார். நாலாவது ஈயில் கை நின்றது.

நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

ஐந்தாவதும் அப்படியே. நாற்பதையும் பார்த்து முடித்தபோது முப்பத்தொன்று அவருடையவை இல்லை. மீதி ஒன்பது தன் கைவேலைதான், விசிறிக் காற்றில் கொஞ்சம் கலைந்திருந்தாலும். பொய் ஈக்குப் பொய் ஈ வைத்திருக்கிறான் எவனோ!

எவனோ என்ன எவனோ. இடது கையால் ஈ கட்டுகிறவன் அவருக்குத் தெரிந்து ஒருத்தன்தான். மனைவியின் தம்பி, பல் டாக்டர். சனிக்கிழமை சாயங்காலம் பையோடு வந்து இறங்குவான். ஞாயிறு விடிந்ததும் இரண்டு பேரும் ஓடைக்குக் கிளம்புவார்கள். பதினோரு வருஷப் பழக்கம். கண்ணாடிக்காரருக்கு அதைவிட்டால் வேறு சினேகிதம் கிடையாது.

அடுத்த மாதம் மீன்பிடிப்போர் சங்கத்தில் ஈக் கண்காட்சி. இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பாவி, என் ஈக்களைத் திருடித் தன் பெயரில் வைக்கப்போகிறான்!

மனைவியை மடக்கினார்.

"உன் தம்பி என் மேஜைகிட்ட போறானா?"

"வந்தா நேரா ஃப்ரிட்ஜுகிட்டதான் போறான்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஈயைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க. சாப்பாட்டுல விழுந்தா மட்டும் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு. இவளும் கூட்டா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

பொறி வைத்தார். பிடித்த மீனைக் காயமில்லாமல் திரும்ப விடுவதற்காக, முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கி வழவழப்பாக்குவது அவர்கள் இருவரின் வழக்கம். இந்த வாரம் கட்டிய பன்னிரண்டில் மட்டும் நசுக்காமல் விட்டார். பழையவற்றை ஒளித்துவிட்டு, பன்னிரண்டை மட்டும் டப்பாவில் வைத்தார்.

சனிக்கிழமை மைத்துனன் வந்தான், சாப்பிட்டான், ஜோக்கடித்தான். அவரும் சிரித்தார், ஒற்றன் சிரிக்கிற மாதிரி.

ஞாயிறு காலை. ஓடையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபடி டப்பாவைத் திறந்து, ஒரு ஈயின் முள்ளில் எதிர்க்கூர் இருக்க வேண்டிய இடத்தில் விரலை ஓட்டினார். குத்தவில்லை. அடுத்தது. குத்தவில்லை. பன்னிரண்டும் வெண்ணெயாக வழுக்கின.

"மாப்ள, இங்க வா."

"சத்தம் போடாதீங்க அத்தான், மீன் மேல வருது."

"பாக்கெட்டைக் காட்டு."

"என்ன, போலீஸ்ல சேந்துட்டீங்களா?"

கண்ணாடிக்காரர் மைத்துனனின் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். ஒரு மிட்டாய் டப்பா. திறந்து விரலை வைத்ததும் சுருக்கென்று ஏறியது, இழுத்தால் எதிர்க்கூர் மாட்டிக்கொண்டு ரத்தம் வந்தது. வலிக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது.

"அகப்பட்டியா! கண்காட்சியில உன் பேர்ல வைக்கப்போறியா?"

"இதையா?" என்றான் மைத்துனன்.

அந்த "இதையா" முள்ளைவிட ஆழமாகக் குத்தியது.

"ஏன், இதுக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல்னு இல்ல அத்தான்... காத்துல ஈரம் ஜாஸ்தி... நூல்கூட இப்பல்லாம் பழைய நூல் மாதிரி..."

"நூலைப் பத்தி நீ எனக்குச் சொல்லாத. அடுத்த வாரத்துலேர்ந்து நான் தனியா வரேன். நீ வேற ஓடை பாத்துக்க."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிட்டாய் டப்பாவிலிருந்து தன் ஈ ஒன்றை எடுத்துத் தூண்டில் நரம்பில் கோக்கப் போனார். ஈயின் தலையிலிருந்த துளை அகப்படவில்லை. நரம்பை எச்சில் தொட்டுக் கூராக்கி மறுபடி குத்தினார். காற்றில் போயிற்று. மூன்றாம் முறை, நாலாம் முறை. வழக்கமாக "குளிருது, குடுங்க, நான் கோக்கறேன்" என்று மைத்துனன் வாங்கிக்கொள்வான். எத்தனை வாரமாக வாங்கிக்கொள்கிறான் என்று அவருக்கு நினைவில்லை. இன்று அவன் கை நீட்டவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐந்தாம் முறை இழுத்ததில் ஈயின் இறகு நூலோடு அவிழ்ந்து தண்ணீரில் போனது.

கண்ணாடிக்காரர் வெறும் முள்ளைப் பிடித்தபடி நின்றார்.

"மாப்ள, சுத்தி வளைக்காத. நான் கட்டற ஈ நல்லாருக்கா, இல்லையா?"

"இல்ல அத்தான். போன வருஷத்துலேர்ந்தே இல்ல. உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல, முடிச்சு விழாமலே நூலை வெட்டிடறீங்க, ரெண்டு வீச்சுல அவுந்துடுது. மூணு வாரம் ஒரு மீன்கூட மாட்டாம, வீட்டுல யாரோடயும் பேசாம உக்காந்திருந்தீங்க. இனிமே ஓடைக்கே போகமாட்டாரோன்னு அக்கா போன்ல அழுதா. அதான் நான் கட்டி மாத்தி வச்சேன்."