ஹுஸ்னாவுக்கு வைத்த பட்டம்

2004ஆம் ஆண்டு ஜூலையில், உத்தமபாளையத்தில் மெஹராஜ் வெளியே போகத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. குமுளிக்கு ஏலக்காய் வியாபாரத்துக்குப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அண்ணன் அப்துல் வாஹிதின் வீட்டுக்கு வந்தவள் இரண்டு வருடம் வாசலைத் தாண்டவில்லை. அண்ணன் மனைவி ரெஹானாதான் பேசிப் பேசி அவளைத் தையல் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டாள்.

ரெஹானா ஒரு மாத இதழில் தொடர்கதை எழுதிவந்தாள். அதில் வரும் ஹுஸ்னா, கணவன் கைவிட்ட பிறகு கோட்டையின் ஆட்சியைத் தானே ஏற்கிறவள். அடுத்த பகுதியில் அவளுக்குப் பட்டம் சூட்ட வேண்டும். என்ன பட்டம் என்ற இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

"ராணின்னு வச்சா?"

"சீட்டுக்கட்டுல இருக்கவ மாதிரி இருக்கு மதினி."

"இளவரசி?"

"புருசன் விட்டுட்டுப் போன பெறகு என்ன இளவரசி."

"பேகம்?"

"நம்ம ரேசன் கடை வரிசையிலயே நாலு பேகம் நிக்கிறாக."

மெஹராஜ் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "நாச்சியார்னு வைங்க. நம்மள்ல மூத்தவுகளுக்கு இருந்த பேருதான. சும்மா கூப்பிட வாய் வராது. உக்காந்திருக்கவுகளும் எந்திரிச்சு நிக்கணும்."

"யாருக்கு வைக்கிறோம்னு தெரியுதுல்ல?"

"தெரியும். நல்லா வைங்க."

ரெஹானா அப்படியே எழுதினாள். ஹுஸ்னா இடது கையால் முத்திரை குத்துவதாகவும் சேர்த்தாள். மெஹராஜ் இடது கைக்காரி. படிக்கும்போது அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது ரெஹானாவின் கணக்கு. அந்த ஊரில் பட்டப்பெயர் விழாத குடும்பம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அச்சில் வரும் பெயரையும் ஊர் அப்படி எடுத்துக்கொள்ளும் என்று மட்டும் தோன்றவில்லை.

இதழ் வந்ததும் தையல் நிலையத்தில் கூடப் பயிலும் நசீம் அதைச் சத்தமாகப் படித்தாள். இடது கை என்று வந்த இடத்தில் நிறுத்தினாள். எல்லோரும் மெஹராஜின் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார்கள்.

மறுநாள் மெஹராஜ் உள்ளே நுழையும்போதே நசீமின் குரல் வந்தது. "நாச்சியார் வந்துட்டாக, எந்திரிங்கடி."

எழுந்தார்கள். ஒருத்தி குனிந்து சலாம் வைத்தாள். இன்னொருத்தி, "குமுளிச் சீமையில இருந்து கப்பமெல்லாம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டாள்.

மெஹராஜ் மதியமே வீடு திரும்பினாள். அந்த வாரம் முழுக்கப் போகவில்லை.

"வெளிய கெளப்புனதும் நீ, உள்ள அடைச்சதும் நீ" என்றார் அப்துல் வாஹித் மனைவியிடம்.

ரெஹானா மெஹராஜிடம் போனாள். தையல் மிஷின் மேல் துணி மூடிக் கிடந்தது.

"அடுத்த பகுதியில பட்டத்தை எடுத்துர்றேன். வெறும் ஹுஸ்னான்னு எழுதுறேன்."

"எடுத்தா? உள்ளதும் போச்சுன்னு அதையும் சேத்துச் சொல்லுவாக."

"அப்ப ஹுஸ்னாவுக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருவோம்."

"எனக்கு மாப்பிள்ளை எவன்னு தேட ஆரம்பிச்சிருவாக." மெஹராஜ் மிஷின் மேல் கிடந்த துணியை இழுத்து மடித்தாள். "கொன்னுருங்க மதினி."

"என்னது?"

"அவளைத்தான். செத்தவளை எத்தனை நாளைக்குக் கிண்டல் பண்ணுவாக? நான் தையலுக்குப் போகணும்."

ஹுஸ்னாவுக்காக ரெஹானா இன்னும் நிறைய வைத்திருந்தாள்: ஒரு முற்றுகை, வெட்டப்போகும் ஒரு கண்மாய், கடைசியில் கணவன் கோட்டை வாசலில் வந்து நிற்பது. அத்தனையையும் விட்டுவிட்டு அவளைக் காய்ச்சலில் சாகவைத்தாள். எழுதி முடித்ததை மெஹராஜ் வாங்கிப் படித்தாள்.

"அவளை அடக்குன கபுர்ல கல்லு வைக்கிறாகளா?"

"வைக்கிறாக."

"பேரு?"

"நாச்சியாரோட சேத்து, முழுசா."

மெஹராஜ் அதை மாற்றச் சொல்லவில்லை. "இது எப்ப வரும்?"

"அடுத்த மாசப் புத்தகத்துலதான்."

மெஹராஜ் எழுந்து புர்காவை மாட்டினாள். கத்தரிக்கோலைப் பையில் வைத்தாள்.

"இப்பவேவா? அது வரட்டுமே" என்றாள் ரெஹானா.

"அதுவரைக்கும் உசுரோடதான இருக்கா மதினி."

தாள்களைக் கையில் பிடித்தபடி ரெஹானா வாசலில் நின்றாள். தெருமுனையில் யாரோ சிரிப்பது கேட்டது. மெஹராஜ் நிற்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வேகமாக நடந்தாள்.